ஜீன் டெஸ்ட் முதலில் யாருக்கு?

கேள்வி: எனக்கு 48 வயது. தேனி பக்கம் ஊர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஹார்ட் அட்டாக் வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.0. போன வருஷம் 1.2. இரண்டு மாதத்துக்கு முன் 1.4. சுகர் கிடையாது, பிரஷர் உண்டு. அப்பாவுக்கு 55 வயதில் பைபாஸ், 66 வயதில் டயாலிசிஸ், அடுத்த இரண்டு வருஷத்தில் போய்விட்டார். சித்தப்பாவுக்கும் ஹார்ட் பிரச்சினை, கிரியேட்டினின் 2.4. அப்பா தன் அக்கா மகளைத்தான் கட்டினார். அதனால்தான் இப்படி என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். ஸ்டென்ட் வைத்ததிலிருந்து சாப்பிட்டு வந்த ராமிப்ரில் என்ற பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று மருந்துக்கடையில் சொன்னதால், 1.4 என்று வந்ததும் நிறுத்திவிட்டேன். ஜீன் டெஸ்ட் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும், 25,000 ரூபாய் ஆகும் என்று ஒரு லேப்காரர் சொல்கிறார். எடுக்கலாமா? 19 வயது மகளுக்கும் சேர்த்து எடுக்க வேண்டுமா?

பதில்: ஜீனைப் பற்றிப் பிறகு பேசுவோம். நீங்கள் நிறுத்திய மாத்திரைதான் அவசரம். இந்த வாரமே உங்கள் இதய மருத்துவரைப் பார்த்து, ராமிப்ரிலை நிறுத்திவிட்டேன் என்று மறைக்காமல் சொல்லுங்கள். கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்த்துவிட்டு, எந்த அளவில் மறுபடி தொடங்கலாம் என்று அவர் சொல்வார். நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தியபடியே இருக்கவும் வேண்டாம்.

மருந்துக்கடையில் சொன்னது முழுப் பொய்யல்ல, பாதி உண்மை. அதனால்தான் அது ஆபத்தானது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியேற ஒரு குழாய். ராமிப்ரில் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. வடிகட்டிக்குள் அழுத்தம் குறைகிறது, கூடவே வடிகட்டும் அளவும் சற்றுக் குறைகிறது, கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுகிறது. மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் 30 சதவீதம் வரை இப்படி ஏறுவதை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். அழுத்தம் குறைவதால் அந்த வடிகட்டிகள் கூடுதல் ஆண்டுகள் தாங்கும் என்பதுதான் கணக்கு. உங்களுக்கோ ஏற்றம் முதல் மாதத்தில் வந்து நிற்கவில்லை, மூன்று வருஷமாக மெல்ல மெல்ல வந்திருக்கிறது. அதற்கு வேறு காரணம் தேட வேண்டும். வாந்தி பேதியால் உடம்பில் நீர் வற்றும் நாட்களில் மட்டும் இந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வோம். எப்போது, எத்தனை நாள் என்பதையும் உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

1.0-லிருந்து 1.4. வெறும் 0.4 தானே என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். கிரியேட்டினின் அப்படித்தான் ஏமாற்றும். உங்கள் வயதையும் சேர்த்து, இப்போது வழக்கத்தில் உள்ள 2021 சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். வடிகட்டும் திறன், லேப் ரிப்போர்ட்டில் இ-ஜி-எஃப்-ஆர் என்று அச்சாகியிருக்குமே, அது மூன்று வருஷத்துக்கு முன் சுமார் 95. போன வருஷம் 75. இப்போது 62. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. நாற்பது வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு 1 போலக் குறைவது எல்லோருக்கும் நடப்பது. உங்களுக்கு ஆண்டுக்கு 11 போகிறது.

பதறாதீர்கள், ஆனால் தள்ளியும் போடாதீர்கள். முதலில் அந்த 1.4 உண்மைதானா என்று உறுதிசெய்ய வேண்டும். முந்தின நாள் இறைச்சி சாப்பிடாமல், தண்ணீர் சரியாகக் குடித்து, அதே லேபில் மறுபடி பாருங்கள். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின்-சி என்ற சோதனை இருக்கிறது. தசை அதிகம் உள்ளவர்களுக்குக் கிரியேட்டினின் கூடுதலாகக் காட்டுவதை அது சரிபார்த்துவிடும். ஆஞ்சியோவுக்கு ஏற்றிய சாயம்தான் காரணமோ என்றும் பலர் கேட்பார்கள். சாயத்தின் பாதிப்பு இரண்டு மூன்று நாளில் தெரியும், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் சரியாகிவிடும். மூன்று வருஷத்துச் சரிவை அதன் தலையில் கட்ட முடியாது.

உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், ஒரு சோதனையைக் காணவில்லை. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். காலையில் முதல் சிறுநீர், ஒரு சின்ன டப்பா, சில நூறு ரூபாய். 30-க்குக் கீழ் இருந்தால் நல்லது. 300-ஐத் தாண்டினால் வடிகட்டியே ஓட்டையாகி ஒழுகுகிறது என்று அர்த்தம். 25,000 ரூபாய் ஜீன் டெஸ்ட்டைப் பற்றி யோசிப்பவரிடம் இந்தச் சோதனை ரிப்போர்ட் இல்லாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தவறு உங்களுடையதல்ல. இதய நோயாளிகளுக்கு எக்கோவும் கொழுப்புச் சோதனையும் தவறாமல் எழுதும் நாங்கள்தான் சிறுநீரை மறந்துவிடுகிறோம். இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நேராகச் சிறுநீரகத்துக்குத்தான் போகிறது. ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றை விடுவது சரியான வைத்தியம் ஆகாது.

இனி ஜீன். இதில் இரண்டு விதம் உண்டு, இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் விற்கிறார்கள்.

முதல் விதம், நூற்றுக்கணக்கான ஜீன்களில் உள்ள சின்னச் சின்ன மாற்றங்கள். ஒவ்வொன்றும் எள்ளளவு. 2019-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலைச் சேர்த்துப் பார்த்து, சிறுநீரகச் செயல்பாட்டோடு தொடர்புள்ள 264 இடங்களை மரபணுத் தொகுதியில் குறித்தார்கள். ஆனால் வடிகட்டும் திறன் இப்போது எவ்வளவு என்பது வேறு, எத்தனை வேகமாக இறங்குகிறது என்பது வேறு. உங்கள் கேள்வி இரண்டாவது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வுகளை 2022-இல் சேர்த்துப் பார்த்தபோது, வேகத்தோடு தொடர்புள்ளவையாகக் கிடைத்தவை வெகு சொற்பம்.

அவற்றில் முன்னால் நிற்பது யூமோட் என்ற ஜீன். அது தயாரிக்கும் புரதம் உங்கள் சிறுநீரிலும் இருக்கிறது, என் சிறுநீரிலும் இருக்கிறது. 1950-இல் டாம், ஹார்ஸ்ஃபால் என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்தார்கள். சிறுநீர்ப் பாதையில் கிருமி ஒட்டாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று. அதே புரதம் உப்பை உடம்பில் இருத்தி வைக்கவும் துணைபோகிறது. 2009-இல்தான் இந்த ஜீனில் பரவலாக உள்ள ஒரு மாற்றத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் தொடர்பு தெரிய வந்தது. புரதத்தைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும் வடிவம்தான் ஆபத்தான வடிவம். வேடிக்கையாகத் தோன்றும், பெரும்பாலான மனிதர்களிடம் இருப்பதும் அதுவே. கிருமியிடமிருந்து காத்ததால் தலைமுறை தலைமுறையாக நிலைத்த வடிவமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அந்த வடிவம் உங்களிடம் இருக்கிறது என்று 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒருவர் சொன்னால், உங்கள் தெருவில் பாதிப் பேருக்கு மேல் பொருந்தக்கூடியதைத்தான் சொல்கிறார். அதற்கான வைத்தியம் ஊறுகாயையும் கருவாட்டையும் அப்பளத்தையும் குறைப்பது. அதை ஜீன் தெரியாமலே செய்யலாம்.

இன்னொரு பெயரும் அந்த ரிப்போர்ட்டில் வரலாம்: அபோல்-1. 2010-இல் கண்டுபிடித்தார்கள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என வரும் இதன் இரண்டு பிரதியும் மாறியிருந்தால் சிறுநீரகம் கெடும் வாய்ப்பு பலமாகக் கூடுகிறது. ஆனால் அது மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படும் மாற்றம். தூக்க நோய்க் கிருமியை எதிர்க்க உதவியதால் அங்கே பெருகியது. நம்மிடம் மிக அரிது. 'அபோல்-1 இல்லை' என்று பச்சை எழுத்தில் அச்சடித்துத் தந்தால் அதில் உங்களுக்கு ஆறுதல் எதுவும் இல்லை. இந்தச் சின்னச் சின்ன மாற்றங்களைக் கூட்டி நோய் அபாயத்துக்கு மதிப்பெண் போடுவதும் உண்டு; ஐரோப்பியர்களை வைத்துச் செய்த அந்த மதிப்பெண் கணக்குகளை நம் ஊர்க்காரர் மீது அப்படியே பொருத்தவும் முடியாது. நம் நாட்டில் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டதே 2025 ஜனவரியில்தான்.

இரண்டாவது விதம் வேறு. ஒரே ஒரு ஜீனில் ஒரு பெரிய கோளாறு, அது ஒன்றே நோயை உண்டாக்கும். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் சிறுநீரக நோயாளிகள் 3,315 பேருக்கு ஜீன்களை வரிசையாகப் படித்தார்கள். ஏறத்தாழ 9 சதவீதம் பேருக்கு இப்படி ஒற்றைக் காரணம் கிடைத்தது. உங்கள் குடும்பத்தில் தேட வேண்டியது இதைத்தான். தேடுவதற்கான முதல் கருவி பேப்பரும் பேனாவும்.

என் அறைக்கு வருகிறவர்களிடம் குடும்ப மரம் வரையச் சொல்வது வழக்கம். அப்பா, தாத்தா, மாமா என்று கிளை விரியும். உங்கள் மரத்தை வரைந்து பார்த்தபோது ஒரு கிளை சுற்றிவந்து தன்னையே தொட்டது. உங்கள் அப்பாவின் அக்கா உங்களுக்கு அத்தை. அவரே உங்கள் அம்மாவைப் பெற்றவர், ஆகவே அம்மாச்சி. ஒரே பெண்மணி இரண்டு உறவாக நிற்கிறார். இது பாடப்புத்தகத்தில் உள்ள விதிகளைப் புரட்டிப் போடும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஃபேப்ரி என்று ஒரு நோய். ஒரு நொதி குறைவதால் ஒருவகைக் கொழுப்பு இதயத் தசையிலும் சிறுநீரகத்திலும் தேங்கும். இதயச் சுவர் தடிக்கும், சிறுநீரில் புரதம் ஒழுகும், பிறகு இரண்டும் சேர்ந்து தளரும். இதயமும் சிறுநீரகமும் ஒரே வீட்டில் பலருக்குக் கெட்டால் இதை நினைக்காமல் இருக்கக் கூடாது. இதன் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அப்பா மகனுக்கு எக்ஸைத் தருவதில்லை, ஒய்யைத்தான் தருவார். எனவே 'அப்பாவுக்கு இருந்தது, மகனுக்கும் இருக்கிறது' என்றால் ஃபேப்ரி இல்லை என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருவோம். உங்கள் வீட்டில் அந்த விதி செல்லாது. உங்கள் அப்பத்தாவிடம் அந்த ஜீன் இருந்திருந்தால், மகன்கள் இருவருக்கும் போயிருக்கலாம். மகளுக்கும் போயிருக்கலாம், அந்த மகளிடமிருந்து உங்கள் அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து உங்களுக்கும் வந்திருக்கலாம். அப்பா வழியில் வராதது அம்மா வழியில் சுற்றி வரும்.

உங்களுக்கு ஃபேப்ரி என்று நான் சொல்லவில்லை. உங்கள் அப்பாவுக்குப் பைபாஸ் செய்தார்கள், அதாவது ரத்தக்குழாய் அடைப்பு. ஃபேப்ரியில் முதலில் தெரிவது இதயத் தசைத் தடிப்பு. அதனால் வாய்ப்பு குறைவுதான். ஆனாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. சின்ன வயதில் கை கால் தீயாய் எரியும் என்று சித்தப்பா சொன்னதுண்டா? வியர்க்கவே வியர்க்காதா? அடிவயிறு, தொடை பக்கம் கருஞ்சிவப்புப் பொட்டுகள் உண்டா? உங்கள் எக்கோ ரிப்போர்ட்டில் சுவர் தடித்திருப்பதாக எழுதியிருக்கிறதா? ஒன்றுக்காவது ஆமாம் என்றால் அந்த நொதியை ரத்தத்தில் அளந்து பார்க்கலாம். ஆண்களுக்கு அதுவே பெரும்பாலும் போதும்.

சொந்தத்தில் கட்டியதால்தான் என்று உறவினர்கள் சொல்வதில் எவ்வளவு உண்மை? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்தில் நடக்கின்றன. அந்த வீடுகளில் பெரும்பான்மையானவற்றில் எந்த நோயும் இல்லை. நெருங்கிய உறவில் பிறந்தவர்களுக்கு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே கோளாறான பிரதி வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. அப்படி இரண்டு பிரதியும் கெட்டால் வரும் சிறுநீரக நோய்கள் பெரும்பாலும் குழந்தையிலோ இளமையிலோ தலைகாட்டும். உங்கள் வீட்டில் நோய் தெரிந்ததெல்லாம் நாற்பதுக்கு மேல். போதாததற்கு, நோய்வாய்ப்பட்ட உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் அந்தத் திருமணத்தில் பிறந்தவர்கள் அல்ல. இதற்காக உங்கள் அம்மா ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் சொன்னதாக அவரிடம் சொல்லுங்கள்: பழி அவர் மீது இல்லை.

தேட வேண்டிய மற்ற இரண்டும் எளியவை. ஒன்று, சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு. இதற்கு ஜீன் டெஸ்ட்டே வேண்டாம், வயிற்று ஸ்கேன் போதும். உங்கள் வயதில் ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லையென்றால் அந்த நோய் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இருந்தால் மூளை ரத்தக்குழாய் வீக்கத்தையும் நினைக்க வேண்டியிருப்பதால் தாமதம் கூடாது. இன்னொன்று ஆல்போர்ட் வகை. வடிகட்டியின் சவ்வில் உள்ள கொலாஜன் என்ற புரதம் பலவீனமாக இருக்கும், சிறுநீரில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் போகும், சிலருக்குக் காதும் மந்தமாகும். வயதானால் காது கேட்காமல் போவது யாருக்கும் நடக்கும், ஆகவே அத்தைக்குக் காது மந்தமா என்று மட்டும் கேட்காதீர்கள், எந்த வயதில் தொடங்கியது என்று கேளுங்கள்.

இதயத்தின் பக்கமிருந்து வரும் ஒன்றும் உண்டு. 2009-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக, ஹைதராபாத் சிசிஎம்பி உயிரியல் ஆய்வு மைய ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் ஓர் இதயத் தசை ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதைப் பற்றி எழுதினார்கள். இந்தியத் துணைக்கண்டத்தவரில் ஏறத்தாழ 4 சதவீதம் பேரிடம் அது இருக்கிறது. நடுவயதுக்குப் பிறகு இதயத் தசை தளரும் அபாயத்தை அது கூட்டும். இதயம் தளர்ந்தால் பின்னால் தேங்கும் ரத்தம் சிறுநீரகத்தையும் அமுக்கும். உங்கள் எக்கோவில் இதயம் நன்றாகத் துடிக்கிறது என்றால் இதைக் கடந்து போகலாம்.

சரி, இத்தனைக்குப் பிறகும் ஜீன் டெஸ்ட் வேண்டும் என்று முடிவானால் முதலில் யாருக்கு? உங்களுக்கு அல்ல. சித்தப்பாவுக்கு. நோய் யாரிடம் தெளிவாக முற்றியிருக்கிறதோ அவரிடம்தான் தேடத் தொடங்க வேண்டும். உங்களைச் சோதித்து ஒன்றும் கிடைக்கவில்லை என்று வையுங்கள். குடும்பத்தில் அப்படி ஜீனே இல்லையா, இருந்தும் உங்களுக்கு வரவில்லையா, இல்லை அந்த டெஸ்ட்டால் பிடிக்க முடியவில்லையா? பதிலே இருக்காது. சித்தப்பாவிடம் ஒரு கோளாறு உறுதியானால், அந்த ஒற்றை இடத்தை மட்டும் உங்களிடம் பார்த்தால் போதும். செலவும் குறையும், பதிலும் தெளிவாக இருக்கும். அதையும் சிறுநீரக மருத்துவரோ மரபியல் மருத்துவரோ எழுதிக் கொடுத்துச் செய்யுங்கள். ரிப்போர்ட்டில் 'பொருள் நிச்சயமில்லாத மாற்றம்' என்று ஒரு வரி வரும். நம் மக்களின் தரவு குறைவாக இருப்பதால் நமக்கு அது அடிக்கடி வருகிறது. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சித்தப்பாவை இப்போதே சோதிப்பதற்கு இன்னொரு காரணம், பேசத் தயங்கும் காரணம். அவருக்கு நாளை மாற்றுச் சிறுநீரகம் தேவைப்பட்டால், கொடுக்க முன்வருபவர் நீங்களாகவோ அவர் பிள்ளைகளாகவோ இருக்கலாம். பரம்பரை நோய் இருக்கிறதா என்று தெரியாமல் கொடுத்து, கொடுத்தவரும் பின்னால் நோயாளியாகக் கூடாது.

குடும்பத்தில் ஓடுவது எல்லாம் ஜீன் இல்லை. ஒரே அடுப்பு, ஒரே உப்புக் கை, ஒரே மருந்துக்கடை. அப்பாவுக்கு மூட்டுவலி இருந்ததா? டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரா? நீங்கள் சாப்பிடுகிறீர்களா? ராமிப்ரில், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒன்று சேர்ந்தால் சிறுநீரகம் சில நாளிலேயே திணறும். ராமிப்ரிலை நிறுத்தச் சொன்ன அதே கடையில் இந்த வலி மாத்திரையைச் சீட்டில்லாமல் கொடுத்திருப்பார்களோ என்பதுதான் என் கவலை. பெயர் ஒட்டாத பொடி, பஸ்பம் எதையாவது சாப்பிட்டு வந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள்.

சிறுநீரில் ஆல்புமின் கூடுதலாக இருந்தால், டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்து எனக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். சர்க்கரைக்கு வந்த மருந்துதான். சர்க்கரை இல்லாதவர்களிலும் சிறுநீரகச் சரிவைத் தாமதப்படுத்துகிறது என்று 2020-இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. அதே ஆண்டு இங்கே காப்புரிமை முடிந்ததால் விலை வெகுவாக இறங்கிவிட்டது. பரம்பரைக் காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிரஷரைக் கட்டுக்குள் வைப்பது, புகையிலையை விடுவது, இந்த மருந்துகள் ஆகியவற்றின் பலன் குறையாது. நீர்க்கட்டி நோய் மட்டும் விலக்கு, அதில் இந்த மருந்தைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டும்.

மகளுக்கு இப்போது ஜீன் டெஸ்ட் வேண்டாம். அவருக்கு 19 வயது. பின்னால் தேவைப்பட்டாலும் முடிவு அவருடையது. வருஷத்துக்கு ஒரு முறை பிரஷர், சிறுநீர்ச் சோதனை போதும். ஒருமுறை கொழுப்புச் சோதனையும் செய்யுங்கள். நீங்கள் 45-இல், அப்பா 55-இல் என்று இதயம் இத்தனை சீக்கிரம் அடைபட்ட வீட்டில் பரம்பரைக் கெட்ட கொழுப்பு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். உலக அளவில் சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, எல்.டி.எல். எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். உங்களுக்கு லைப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்புத் துகளின் அளவை வாழ்நாளில் ஒரு தடவை பாருங்கள். அதைப் பெரும்பாலும் ஜீன்தான் தீர்மானிக்கிறது. இந்த வீட்டுக்குப் பொருத்தமான ஜீன் டெஸ்ட் என்று கேட்டால் நான் முதலில் இவற்றைத்தான் சொல்வேன்.

அப்பாவின் பழைய பைல் வீட்டில் எங்காவது பரணில் இருக்கும். டயாலிசிஸ் தொடங்கும் முன் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். அதில் இரண்டு சிறுநீரகங்களின் நீளமும் சென்டிமீட்டரில் எழுதியிருக்கும், கட்டிகள் இருந்திருந்தால் அதுவும் இருக்கும். அதையும் சித்தப்பாவின் ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு, முடிந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு சிறுநீரக மருத்துவரிடம் போங்கள்.